ஸ்டே உண்டு, குழப்பமில்லா!

கொச்சிக்குப் புதுசாக வரும் நம்ம ஆட்கள் முதலில் தடுக்கி விழுவது ஒரு தமிழ் வார்த்தையில்தான். குழப்பம். நமக்கு அது தெளிவில்லாமை. இவர்களுக்கு அது பிரச்னை, கோளாறு. 2006-ல் பி.காம். சர்டிபிகேட்டும் ஒரு சூட்கேசுமாக திருநெல்வேலியிலிருந்து வந்து பேங்கில் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் "எந்தெங்கிலும் குழப்பம் உண்டோ?" என்று கேட்டார். "நிறைய இருக்கு சார்" என்றேன். மனுஷர் பதறிப்போய் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அப்புறம் ஒரு வாரம் பிராஞ்ச் முழுக்க இதே பேச்சு.

இன்னொரு வார்த்தையும் இருக்கிறது. அது சிரிப்பு வார்த்தை இல்லை, லட்சக்கணக்கில் விலை வைக்கும் வார்த்தை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது எழுதக் காரணம், போன மாசம் இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பியும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வி. சிவகாசிக்காரர்கள். "சார், நீங்க லோன் செக்‌ஷன்ல இருந்தவங்க. நம்பி வாங்கலாம்னு ஒரு நல்ல பில்டர் பேர் சொல்லுங்களேன்." இந்தக் கேள்வியை இருபது வருஷமாக மாசம் ஒரு தடவையாவது கேட்கிறேன். ஆரம்பத்தில் டக்கென்று பேர் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் பேர் சொல்வதில்லை. ஏன் என்பதற்குப் பக்கத்து ஊரான மரடின் கதையைச் சொல்ல வேண்டும், கூடவே என் அத்தான் கதையையும்.

நான் இருப்பது மட்டாஞ்சேரியில், அரண்மனைக்குப் பக்கத்துச் சந்தில், வாடகை வீடு. (ஆயிரம் பேருக்கு வீட்டுக்கடன் போட்டுக் கொடுத்தவன் வாடகை வீட்டில் இருக்கிறான் என்று வீட்டம்மா தினமும் ஒருமுறை நினைவூட்டிவிடுவார்.) அந்த அரண்மனைக்கு 'டச்சு அரண்மனை' என்று பேர். ஆனால் டச்சுக்காரர்கள் கட்டியதில்லை. 1555 வாக்கில் போர்ச்சுக்கீசியர்கள் கட்டி, கொச்சி ராஜா வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தது. பக்கத்துக் கோயிலைக் கொள்ளையடித்ததற்குச் சமாதானமாகக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதில் பழுது பார்த்தார்கள், கொஞ்சம் மாற்றிக் கட்டினார்கள். பேர் அவர்களுக்குப் போய்விட்டது. கட்டினவன் ஒருவன், பேர் வாங்கினவன் இன்னொருவன் என்பது இந்த ஊரில் நானூறு வருஷப் பழக்கம் போல :-)

சரி, மரடுக்கு வருவோம்.

நான் வந்து சேர்ந்தபோது கொச்சியில் கட்டடக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. 1999-ல் நெடும்பாசேரி விமான நிலையம் வந்துவிட்டது. 2004-ல் இன்ஃபோபார்க் தொடங்கியது. 2007-ல் ஸ்மார்ட் சிட்டிக்குக் கையெழுத்து. வளைகுடாவிலிருந்து பணம் வந்துகொண்டே இருந்தது. காயலைப் பார்த்த மாதிரி எங்கே ஒரு துண்டு இடம் இருந்தாலும் அங்கே ஒரு கிரேன் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் செய்தியைவிட ஃபிளாட் விளம்பரம்தான் அதிகம்.

மரடு இங்கிருந்து அதிக தூரமில்லை. தோப்பும்படி, வெலிங்டன் தீவு, தேவரா என்று போய் குண்டன்னூர் பாலத்தில் ஏறினால், 2020 வரைக்கும் பாலத்தை ஒட்டி ஹோலி ஃபெய்த் எச்.டூ.ஓ. என்ற கட்டடம் நின்றது. நெட்டூர் பக்கம் ஆல்ஃபா செரீன் என்ற இரட்டைக் கோபுரமும் ஜெயின்ஸ் கோரல் கோவும். அந்தப் பக்கம் கோல்டன் காயலோரம். நாலு வளாகம், அஞ்சு கட்டடம், முந்நூறுக்கு மேல் வீடுகள். வாங்கினவர்களில் சினிமாக்காரர்கள் உண்டு, வளைகுடாவில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் உண்டு, மொத்த சேமிப்பையும் போட்ட சாதாரணர்களும் உண்டு.

இந்த வழக்குக்கு வேரான கட்டட அனுமதிகளை 2006-ல் மரடு கிராமப் பஞ்சாயத்து கொடுத்தது. அந்த இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது சி.ஆர்.இசட். விதிக்குள் வருவது. 1991-லேயே மத்திய அரசு அறிவித்த விதி. அலையேற்றம் எட்டும் காயலுக்கும் அது பொருந்தும். அப்படிப்பட்ட இடத்தில் கட்ட, கேரள கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் சம்மதம் வேண்டும். அதை வாங்காமலே பஞ்சாயத்து அனுமதி கொடுத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, விஷயம் 2019-ல்தான் வெளியே வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 2007-லேயே மாநில அரசு இந்த அனுமதிகளில் தவறு இருக்கிறது என்று கண்டுபிடித்து, பஞ்சாயத்து கட்டுநர்களுக்குக் காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கட்டுநர்கள் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார்கள். அந்தத் தடையின் நிழலில்தான் மாடி மேல் மாடி ஏறியது. விற்பனையும் நடந்தது.

இங்கே என் அத்தான் வருகிறார். அக்கா வீட்டுக்காரர். அப்போது மஸ்கட்டில் இருந்தார். 2008 ஜனவரியில் போன் செய்து, "மாப்ளே, கொச்சியில காயல் பாத்த மாதிரி ஒரு ஃபிளாட் பாத்திருக்கேன். நீ போயி ஒரு பார்வை பாத்துட்டு வந்து சொல்லுதியா" என்றார். மரடு இல்லை, வேற இடம், வேற கட்டுநர். பேர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போனேன். மாதிரி வீடு காட்டினார்கள். ஏசி, தேக்குக் கதவு, குளிக்கும் அறையில் வெள்ளை வெளேரென்று டைல்ஸ், பால்கனியில் நின்றால் காயல் காற்று. இளநீர் கொடுத்தார்கள். விற்பனைக்கு நின்ற பையன் ரொம்ப நேர்மையான பையன், அவனே சொன்னான்: "சாரே, பஞ்சாயத்தில் நின்னு ஒரு நோட்டீஸ் வந்நிருந்நு. ஸ்டே உண்டு. குழப்பமில்லா."

மறுநாள் ஆபீசில் சீனியரிடம் கேட்டேன். "அந்த ப்ராஜெக்ட் நம்ம அப்ரூவ்டு லிஸ்ட்ல இருக்கே, நாமளே லோன் கொடுக்கிறோமே" என்றார். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அத்தானுக்குப் போன் போட்டேன். "நோட்டீஸ் ஒண்ணு வந்திருக்கு, ஆனா ஸ்டே இருக்கு அத்தான். எங்க பேங்கே அப்ரூவ் பண்ணியிருக்கு. தைரியமா போடுங்க."

லைனில் அக்காவும் இருந்தாள். "தம்பி, ஸ்டே இருக்குன்னா கேஸ் இருக்குன்னுதானல அர்த்தம்?" என்றாள்.

நான் சிரித்தேன். "உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா" என்றேன். பிளஸ் டூவோடு நின்ற அக்கா கேட்ட அந்தக் கேள்வியை நானும் கேட்கவில்லை, என் சீனியரும் கேட்கவில்லை, அப்ரூவ்டு லிஸ்ட் போட்டவர்களும் கேட்கவில்லை.

அப்ரூவ்டு லிஸ்ட் என்றால் என்ன என்று உள்ளே இருந்தவனாகச் சொல்லிவிடுகிறேன். பேங்கின் வக்கீல் பழைய பத்திரங்களைப் பார்ப்பார். நிலத்துக்கு உரிமை யாருக்கு, ஏற்கெனவே அடமானம் இருக்கிறதா, நாளைக்குக் கடன் கட்டாவிட்டால் பேங்க் அதைப் பிடிக்க முடியுமா, இதுதான் அவர் கவலை. மதிப்பீட்டாளர் விலை போடுவார். அனுமதிக் கடிதத்தின் நகல் ஃபைலில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்த அனுமதியைக் கொடுத்தவருக்குக் கொடுக்க அதிகாரம் இருந்ததா என்று தோண்டுவது அபூர்வம். மொத்தத்தில் அது பேங்கின் பணத்துக்கான சோதனை, உங்கள் வீட்டுக்கான சோதனை இல்லை. கடனும் உங்கள் பேரில், உங்கள் சம்பளத்தின் மேல். கட்டடம் போனாலும் ஈ.எம்.ஐ. போகாது. மரடில் இதை நிறையப் பேர் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள்.

மரடு வழக்கு அதன்பாட்டுக்கு ஓடியது. 2010-ல் மரடு நகராட்சி ஆனது. 2012-ல் உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி தீர்ப்பு கட்டுநர்களுக்குச் சாதகம். 2015-ல் டிவிஷன் பெஞ்சும் அதையே சொன்னது. உள்ளாட்சி செய்த தப்புக்கு அனுமதி வாங்கினவனை எப்படித் தண்டிப்பது என்ற வாதம் எடுபட்டது. வாங்கினவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் கடலோர ஆணையம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. அங்கே மூன்று பேர் குழு அமைத்து அறிக்கை வாங்கினார்கள். 2019 மே 8-ஆம் தேதி, நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் நவீன் சின்ஹாவும் சொன்ன தீர்ப்பு: எல்லாவற்றையும் இடி.

யாரும் நம்பவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கொச்சியிலேயே சிலவன்னூர் காயலோரம் டி.எல்.எஃப். கட்டடத்தை இடிக்கச் சொல்லி 2014-ல் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். 2016-ல் டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்து, 1 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2018 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. "கடைசியில அபராதத்தோட முடிஞ்சிரும்" என்று எங்கள் பிராஞ்சிலேயே பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வழக்கின் முடிவை வைத்து இன்னொரு வழக்கைக் கணக்குப் போட்டோம்.

செப்டம்பரில் கரண்டையும் தண்ணீரையும் துண்டித்தார்கள். செப்டம்பர் 27-ஆம் தேதி உச்சநீதிமன்றம் 138 நாள் அட்டவணையை ஏற்று, ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் அரசு கொடுக்க வேண்டும், பிறகு கட்டுநர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. நீதிபதி கே.பாலகிருஷ்ணன் நாயர் தலைமையில் ஒரு குழு, யாருக்கு எவ்வளவு என்று பார்க்க.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று சொல்வதுகூடப் பாவம். குழு பத்திரங்களை எடுத்துப் பார்த்தால், பலருடைய பத்திரத்தில் இருந்த தொகை 25 லட்சத்தைவிட மிகவும் குறைவு. கொடுத்தது அரைக்கோடி, முக்கால் கோடியாக இருக்கலாம், பத்திரத்தில் அது இல்லை. நம்மூரிலும் இதே பழக்கம்தான். பிரிபடாத மனைப்பங்குக்கு மட்டும் ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனியாக ஒரு ஒப்பந்தம், மீதி கையில். கேரளத்தில் முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக பத்தில் ஒரு பங்கு. அதை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துக் குறைத்துக் காட்டினவர்களுக்கு, குழுவின் முதல் பட்டியலில் 25 லட்சம்கூட முழுசாக வரவில்லை. அந்த அக்டோபரில் உச்சநீதிமன்றமே தலையிட்டு, பத்திரத்தில் என்ன இருந்தாலும் எல்லாருக்கும் 25 லட்சம் கொடுங்கள் என்று சொல்லவேண்டி வந்தது. 25 லட்சத்துக்கு மேல் கேட்க வேண்டுமானால் கொடுத்ததற்குக் காகிதம் வேண்டுமே? கறுப்பில் கொடுத்த பணத்துக்கு ரசீது ஏது? கவுண்டரில் இருந்தபோது நானே எத்தனையோ பேரிடம், "மீதியை நீங்களும் பில்டரும் பேசிக்கோங்க" என்று கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன்.

2020 ஜனவரி 11, சனிக்கிழமை. காலை பதினொன்றே கால் வாக்கில் எச்.டூ.ஓ. விழுந்தது. நான் வெலிங்டன் தீவுப் பக்கம் நின்றிருந்தேன். போலீஸ் அதற்கு மேல் விடவில்லை. ஊரே திருவிழா மாதிரி கூடியிருந்தது. சைரன், அப்புறம் ஒரு உறுமல், பத்தொன்பது மாடி அப்படியே மடங்கி உட்கார்ந்தது, சில விநாடிதான். கொஞ்ச நேரத்தில் ஆல்ஃபா செரீன். அதன் இடிபாடு கொஞ்சம் காயலிலேயே விழுந்தது. மறுநாள் மற்ற இரண்டும். கூட்டத்தில் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கைதட்டவில்லை, போனில் யாருக்கோ, "கழிஞ்ஞு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார். முடிஞ்சுது என்று அர்த்தம். அவர் அங்கே வீடு வைத்திருந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தான் ஃபிளாட் இடிபடவில்லை. ஆனால் உருப்படவும் இல்லை. 2010-ல் தரவேண்டியது 2013-ல் கிடைத்தது. கதவு எண்ணுக்கு முன்னால் 'யு.ஏ.' என்று இரண்டு எழுத்து. அனுமதிக்கு மாறான கட்டடங்களுக்குக் கேரள உள்ளாட்சிகள் வரி வாங்குவதற்காகக் கொடுக்கும் எண் அது. வரியும் கூடுதல். அதை வைத்துக் கரண்ட் வரும், தண்ணீர் வரும், குடியிருக்கலாம். விற்கப் போனால்தான் தெரியும். வாங்க வருகிறவருக்கு எந்த பேங்கும் லோன் தராது. என் பேங்கும் தராது! 2008-ல் அப்ரூவ்டு லிஸ்டில் போட்ட அதே பேங்க். அத்தான் இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. ரெரா சட்டம் 2016-ல் வந்து, 2017 மே 1 முதல் முழுசாக அமலானது. கேரளத்தில் ஆணையம் வேலையைத் தொடங்கியது 2020-ல். 500 சதுர மீட்டருக்கு மேல் மனை அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் பதிவு செய்யாமல் விற்கக்கூடாது. நாம் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில், அந்தத் திட்டத்துக்கு மட்டும். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. கட்டுமானக் குறை ஐந்து வருஷத்துக்குள் தெரிந்தால் சரிசெய்து தர வேண்டும். கட்டுநர் மேல் என்னென்ன புகார், எந்தத் திட்டம் எவ்வளவு தாமதம் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். 2008-ல் இதில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் ரெரா எண் இருக்கிறது என்பதும் இன்னொரு 'குழப்பமில்லா' ஆகிவிடக்கூடாது. பேரை மட்டும் நம்புகிறவர்களுக்கு வைற்றிலவில் இருக்கும் சந்தர் குஞ்சைக் காட்டுவேன். ராணுவ நல வீட்டுவசதி அமைப்பே தன் ஆட்களுக்காகக் கட்டியது. 2018-ல் குடியேறினார்கள். ஓய்வுபெற்ற ராணுவத்தார், இதைவிட நம்பிக்கையான பேர் எது? சில வருஷத்தில் கான்கிரீட் உதிர ஆரம்பித்தது. 2025 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் மூன்றில் இரண்டு கோபுரங்களை இடித்துத் திரும்பக் கட்டித்தரச் சொன்னது. மரடில் கட்டடம் பலம், காகிதம் பலவீனம். வெடி வைத்துத்தான் சாய்க்க முடிந்தது. இங்கே நேர் எதிர். நம்ம சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் சரிந்து 61 பேரைக் கொன்றதும் கான்கிரீட் கதைதான். அதற்குத் தனியாகக் கம்பி, சிமெண்ட் தெரிந்த ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போக வேண்டும். காமர்ஸ் படித்த என்னைக் கேட்டுப் புண்ணியமில்லை.

இப்போது அந்த இரண்டாவது வார்த்தை. நிலம். நமக்கு எல்லா பூமியும் நிலம்தான். கேரள வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டும் பூமிக்குப் பேர் 'புரையிடம்'. நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-ல் வந்தது. கண்ணுக்குத் தென்னந்தோப்பாகத் தெரியும், மண் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். ஆனால் வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டில் 'நிலம்' என்று இருந்தால், அல்லது டேட்டா பேங்க் பட்டியலில் வந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் வீடு கட்ட முடியாது. தமிழ் தெரிந்த நமக்கு அந்த வார்த்தையைப் பார்த்தால் சந்தேகமே வராது. நிலம் என்றுதானே போட்டிருக்கிறது, சரிதான் என்று மடித்து வைத்துவிடுவோம்.

சிவகாசித் தம்பியிடம் பில்டர் பேர் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் பார்த்து வைத்திருந்த இடத்தின் சர்வே எண்ணை வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை அரை நாள் லீவ் போட்டு மூன்று பேருமாக வில்லேஜ் ஆபீஸ் போனோம். அப்புறம் நகராட்சியில் அனுமதி எண்ணைக் கொடுத்து, யார் கொடுத்தது, எத்தனை மாடிக்குக் கொடுத்தது, ஏதாவது நோட்டீஸ் உண்டா என்று கேட்டோம். அப்புறம் நீதிமன்றத் தளத்தில் அந்தக் கட்டுநரின் பேரைப் போட்டு வழக்குகளைத் தேடினோம். பதிவேட்டில் மனையில் பாதி புரையிடம், பாதி நிலம். விற்பனை ஆபீசில் கேட்டதற்கு, "அது மாற்ற அப்ளை பண்ணியிருக்கு, குழப்பமில்லா" என்றார்களாம். தம்பி முன்பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார். நல்லவேளை ஐம்பதாயிரம்தான் கொடுத்திருந்தார். அவருடைய மாமியாருக்கு என் மேல் பயங்கரக் கோபம், நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டேன் என்று.

அத்தான் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் கேட்டாள், "அந்த ரெண்டு எழுத்தை எடுக்க ஏதோ அரசாங்கத்துல மனு வாங்குதாங்களாமே, விசாரிச்சியா தம்பி?" விசாரித்துவிட்டேன். வரைபடம், வரி ரசீது, பழைய அனுமதி எல்லாம் மறுபடி கேட்கிறார்கள். அனுமதியின் அசல் நகல் என் மேசை இழுப்பறையில்தான் 2008-லிருந்து கிடக்கிறது. இந்த வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.